வெறும் பாத்திரம்

வெளிநாட்டுக்குச் சிறு பொட்டலம் அனுப்புகிறவர்கள் அஞ்சலகத்தில் ஒரு சுங்கப் படிவம் நிரப்பித் தர வேண்டும். அதற்கு சி.என். 22 என்று பெயர். பெரிய பார்சலாக இருந்தால் சி.என். 23. உலகம் முழுக்க ஒரே மாதிரிதான். உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன மதிப்பு என்று கேட்டுவிட்டு, இது எந்த வகை என்று சில கட்டங்களைக் காட்டும். பரிசு, ஆவணம், வணிக மாதிரி, விற்பனைப் பொருள், திருப்பி அனுப்பும் பொருள், மற்றவை. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்தில் நானும் ‘பரிசு’ என்ற கட்டத்தில்தான் டிக் போட்டேன். போட்டுவிட்டு வந்த பிறகும் அந்தக் கட்டம் மனதை விட்டுப் போகவில்லை. நான் அனுப்பியது பரிசுதானா? பதிலுக்கு அங்கிருந்தும் ஒன்று வரும் என்று பேசி வைத்துக்கொண்டல்லவா அனுப்புகிறேன்?

பொட்டலம் போனது ரீயூனியன் தீவுக்கு. மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்றும் பிரான்சின் ஒரு பகுதி. அங்கே ஒரு பெண்மணி, கிட்டத்தட்ட என் வயதுக்காரர், ஓய்வு நேரமெல்லாம் ஊசியும் நூலுமாக இருப்பவர். இரண்டு பேருக்கும் தெரிந்த தோழி ஒருத்தி எங்களைச் சேர்த்துவைத்தாள். நான் பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்த பிரெஞ்சில் கடிதம் எழுதுகிறேன். எங்கள் ஏற்பாடு எளிது. வருடத்துக்கு ஒரு முறை, சொந்தக் கையால் தைத்த ஒரு துணியை ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். கடையில் வாங்கியது கூடாது. ஒருவர் தைத்ததை இன்னொருவர் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பொட்டலமும் கிளம்பிவிட வேண்டும். கடைசி விதியைச் சொன்னவர் அவர். அப்போது அது சும்மா ஒரு சுவாரசியத்துக்கு என்று நினைத்தேன். அதில்தான் விஷயமே இருக்கிறது என்று பிற்பாடு புரிந்தது.

அவருடைய முன்னோர்கள் இந்தக் கரையிலிருந்து போனவர்கள். ரீயூனியனில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டபின் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியிலிருந்தும் ஆள் பிடிக்க வழி திறந்தது. தோட்டங்களில் அவர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார்கள் குவிந்து, 1882இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. புதுச்சேரியில் அன்று கப்பல் கரையோடு வந்து நிற்க இடமில்லை. கடலில் தள்ளி நிற்கும் கப்பலுக்கு, சலங்குப் படகில் அலையைத் தாண்டிப் போக வேண்டும். அப்படிப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பேரன் பேத்திகளின் வாயில் தமிழ் நிலைக்கவில்லை. தீமிதியும் காவடியும் நிலைத்தன.

ஊசி வேலையிலும் இரண்டு ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஆன் மரி ஜவுஹே என்ற பிரெஞ்சுக் கன்னியர் தொடங்கிய குளூனி புனித சூசையப்பர் சபை, கடல் கடந்து முதன்முதலில் கன்னியரை அனுப்பியது 1817இல், இதே ரீயூனியனுக்குத்தான். புதுச்சேரிக்கு அவர்கள் வந்தது 1827இல். ரொமேன் ரோலான் வீதியில் இன்றும் அவர்களுடைய எம்ப்ராய்டரி கூடம் இருக்கிறது. பழைய பிரெஞ்சுக் காலத்து வீடு, உயரமான கூரை, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து மேசைவிரிப்பும் கைக்குட்டையும் தைக்கிற பெண்கள். அங்கே தையல் சத்தம் போடாது. கத்திரி மட்டும் அவ்வப்போது சத்தம் போடும்.

ரீயூனியனில் ஊசி வேலைக்குப் பெயர்போன இடம் சிலாவோஸ். அவிந்த எரிமலையின் மடியில், சுற்றிலும் செங்குத்து மலைகள் சூழ்ந்த ஊர். 1932இல் சாலை வரும்வரை நடந்துதான் போக வேண்டும். முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். அங்கே வெந்நீர் ஊற்று வைத்தியம் பார்த்த டாக்டர் மக் ஒலிஃபின் மகள் ஆஞ்செல், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர்ப் பெண்களைச் சேர்த்துத் தையல் சொல்லிக்கொடுத்தார். 1908இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அந்தத் தையல் சாகவில்லை. துணியிலிருந்து நூலை எண்ணி எண்ணி உருவுவார்கள். மிச்சம் நிற்கும் நூல்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, அந்த இடைவெளியில் ஊசியால் வலை பின்னுவார்கள். நான் செய்வது துணியின் மேல் நூலைச் சேர்க்கிற வேலை. அவர் செய்வது துணியிலிருந்து நூலை எடுக்கிற வேலை.

நான் அனுப்பியது ஒரு சிறிய மேசைவிரிப்பு. வெள்ளைப் பருத்தித் துணியில் சிக்குக் கோலம். எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். கோலத்தை முதலில் பட்டர் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் பொடிப் பொடியாகத் துளை போட வேண்டும். துணிமேல் அதை விரித்து, துணிக்குப் போடுகிற நீலத்தை மண்ணெண்ணெயில் குழைத்து ஒரு பஞ்சில் தொட்டு மேலே லேசாகத் துடைத்தால் துளைவழியே நீலம் இறங்கும். காகிதத்தை எடுத்தால் துணியில் கோலம் புள்ளிவரிசையாக நிற்கும். அதன்மேல் சங்கிலித் தையல். ஆறு இழை நூலைப் பிரித்து இரண்டிரண்டு இழையாகக் கோத்தால்தான் வளைவு மழுங்காமல் வரும். கோலத்தின் புள்ளிகளுக்குப் பிரெஞ்சு முடிச்சு: ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி, இழுத்துப் பிடித்தபடியே குத்தி இறக்க வேண்டும், பிடி தளர்ந்தால் முடிச்சு அவிழ்ந்து படுத்துவிடும். தைத்து முடித்துத் துவைத்ததும் நீலம் போய்விடும். காய்ந்தபின், அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் நடத்திவரும் காகிதப் பட்டறையில் செய்த கைக்காகிதத்தில் சுற்றினேன். பருத்தித் துணித் துண்டுகளைக் கூழாக்கிச் செய்கிற காகிதம் அது.

இனி அந்தப் ‘பரிசு’ கட்டத்துக்கு வருகிறேன்.

நான் வளர்ந்த தெருவில் எங்களுக்கு அடுத்தது ‘சொல்தா’ வீடு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது சட்டப்படி முழுமையானபோது, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எழுதிக்கொடுத்த வீடு, கொடுக்காத வீடு என்று ஒரே தெரு இரண்டாகப் பிரிந்தது. எங்களுடையது கொடுக்காத வீடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாரிசிலிருந்து பார்சல் அனுப்புவார்கள். சாக்லேட், சோப்பு, சென்ட், தகர டப்பாவில் மீன். பார்சல் பிரித்த அன்று சாயங்காலமே அதில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். “இந்தா, புள்ளைங்களுக்குக் குடும்மா” என்று அந்த வீட்டு அம்மாள் தாமே கொண்டுவந்து கொடுப்பார். அதில் துளிகூடப் பெருமையடிப்பு இருந்ததில்லை. இருந்திருந்தால் என் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

அம்மாவால் வேண்டாமென்று சொல்லவும் முடியாது, வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. பாரிசு சோப்புக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? அம்மா கண்ட வழி தாளிப்பு வடகம். கோடை வெயிலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் சேர்த்துப் பிசைந்து, கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைப்பார். மறுநாள் உதிர்த்து, பிசைந்து, மறுபடி உருட்டுவார். நன்றாகக் காய்கிற வரை இப்படியே தினமும். அந்தத் தெருவில் அம்மா வடகத்துக்கு ஒரு பேர் இருந்தது. விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பும்போது ஒரு டப்பா நிறைய அவர்களுடைய பெட்டியில் ஏறும். அப்படி ஒரு முறை வந்த மருமகள், வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாய், “அத்தை, வடகம் போட்டு வச்சிருக்கீங்களா? அங்க எல்லாரும் கேக்கறாங்க” என்றாள். அன்றிலிருந்து பார்சல் பங்கு வரும்போது அம்மா தயங்கி நான் பார்த்ததில்லை.

கொடுத்தால் திரும்ப எதிர்பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். மழையைப் பார், அது உலகத்திடம் என்ன கேட்கிறது என்பார்கள். உயர்ந்த பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அது கொடுக்கிறவர் பக்கத்தைப் பார்த்துச் சொன்னது. வாங்கிக்கொண்டே இருக்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால், “நீ ஒன்றும் திருப்பித் தர வேண்டாம்” என்பதைவிட வலிக்கிற சொல் வேறில்லை. உன்னிடம் தருவதற்கு ஒன்றும் இல்லை என்றல்லவா அது காதில் விழுகிறது? பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தால் பாத்திரத்தை நாம் வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தருவோம். அந்தச் சர்க்கரை பாயசத்துக்கு விலை என்று யாரும் நினைப்பதில்லை. இந்த வீட்டுக்கும் கொடுக்கிற கை உண்டு என்பதற்கு அது சாட்சி.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடையைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். உலகின் பல சமூகங்களின் வழக்கங்களை வைத்துப் பார்த்து, கொடுப்பது, ஏற்பது, திருப்பிச் செய்வது என்ற மூன்றுமே கடமையாக இருக்கின்றன, மூன்றும் சேர்ந்துதான் மனிதர்களைப் பிணைக்கின்றன என்றார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, மலினோவ்ஸ்கி 1922இல் விரிவாக எழுதிய குலா வழக்கம். பப்புவா நியூ கினியை ஒட்டிய தீவுகளில் சிப்பி மாலைகள் ஒரு திசையாகவும் சிப்பிக் காப்புகள் எதிர்த்திசையாகவும் தீவு தீவாகச் சுற்றி வரும். ஓடத்தில் கடல் கடந்து போய், அங்கே தங்களுக்கென்று உள்ள கூட்டாளிகளிடமிருந்து வாங்கி வருவார்கள். கூட்டு ஆயுள் முழுவதற்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, திருப்பிக் கொடுப்பது எவ்வளவு ஈடாக இருக்க வேண்டும் என்பது கொடுப்பவரின் மனசாட்சியைப் பொறுத்தது என்பது. பேரம் பேசக் கூடாது. பேரம் பேசி நடக்கிற பண்டமாற்று அவர்களிடமும் உண்டு. அது வேறு, இது வேறு.

நமக்கு மோஸ் வேண்டாம், மொய் நோட்டு போதும் என்று யாராவது சொல்லலாம். பாதி சரி. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கிற மொய் விருந்தில் யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறும். அவர் வீட்டு விருந்தில் அதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புது மொய்யும் சேர்ப்பார்கள். அதை வைத்துக் கடனை அடைத்துத் தொழில் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். திருப்பிச் செய்வதற்காகவே கடன் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கணக்குப் புத்தி நமக்குப் புதிதல்ல. எங்கள் தலைமை அஞ்சலகம் இருக்கும் வீதிக்குப் பெயர் கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 தொடங்கி கால் நூற்றாண்டு காலம் எழுதிய நாட்குறிப்பில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்தில் யார் யாருக்கு என்ன வெகுமானம், எத்தனை வராகன் என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். பெரிய இடத்து வெகுமானத்தில் அளவு முக்கியம். கூடினாலும் குறைந்தாலும் அதற்கு அர்த்தம் உண்டு.

மொய்யில் ஒரு வசதி இருக்கிறது. அவர் என்ன செய்தார் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாம் செய்யலாம். அவர் நூறு என்றால் நான் நூற்றொன்று. அவரவர் மனம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, நோட்டு சொல்லிவிடும். என் ரீயூனியன் தோழி வைத்த விதி இந்த நோட்டைப் பிடுங்கிவிடுகிறது. அவர் என்ன தைக்கிறார், பெரிதா சிறிதா, எத்தனை நாள் செலவிட்டார் என்று எனக்குத் தெரியாது. திரும்ப வரும் என்று தெரியும். என்ன வரும் என்று தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தைப்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயமாக இருந்தது. இவ்வளவு போதும் என்று சொல்ல வெளியே ஓர் அளவுகோல் கிடையாது.

அப்போது என் கை தேடிப் போன அளவு துணியின் பின்பக்கம். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். துணியைக் கையில் வாங்கியதும் திருப்புவார். முடிச்சுகள் தொங்குகின்றனவா, ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நூல் தாண்டி ஓடுகிறதா, வால்நூலைத் தையலுக்கு அடியில் ஓட்டி மறைத்திருக்கிறாளா என்று பார்ப்பார். தைக்கத் தெரியாதவருக்குக் கொடுக்கிற துணி என்றால் பின்பக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். இவர் தைக்கிறவர், பொட்டலத்தைப் பிரித்ததும் திருப்புவார். இதுவரை முகம் பார்க்காத ஒருவரின் கண் என் துணியின் பின்பக்கத்தில் படப்போகிறது என்ற நினைப்பிலேயே தைத்தேன். ஒரு மனிதரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவரை மதிக்க முடியும் என்று எனக்குக் காட்டியது அந்த வேலைதான். பேசிப் பழகி, ஊர், உறவு, சாதி, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் நாம் மரியாதையின் அளவை முடிவுசெய்கிறோம். இங்கே விசாரிக்க வழியே இல்லை. முழு மரியாதையையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டியிருந்தது.

படிவத்தின் இன்னொரு கட்டமும் என்னை நிறுத்தியது: மதிப்பு. துணிக்கும் நூலுக்கும் ஆன செலவை மட்டும் எழுதிவிடலாமா என்று கவுன்டரில் இருந்த தம்பியிடம் கேட்டேன். “செலவு இல்லம்மா, வித்தா என்ன விலை போகும், அத எழுதுங்க” என்றார். அவர் சொன்னதுதான் முறை. அதோடு, குளூனி கூடத்துப் பெண்களைப் போலத் தையலை நம்பிப் பிழைப்பவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு விலையே இல்லை என்கிற எண்ணம் ஏற்கெனவே போதுமான அளவு பரவியிருக்கிறது. நானும் என் பங்குக்கு நூல்கண்டின் விலையை எழுதி அதை உறுதிப்படுத்த வேண்டாம் என்று தோன்றியது. இதே அளவு வேலை கடையில் என்ன விலைக்குப் போகுமோ அதைக் கணக்கிட்டு 1,200 ரூபாய் என்று எழுதினேன்.

அரசாங்கங்களும் பரிசு என்றால் என்ன என்று யோசித்துத்தான் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு தனிமனிதர் இன்னொருவருக்கு எந்தப் பணமும் வாங்காமல் அனுப்புகிற 45 யூரோ வரையிலான பொருளுக்குச் சுங்கத் தீர்வை விலக்கு உண்டு. அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29 முதல் 800 டாலர் வரைக்குமான சிறு பொட்டலச் சலுகையை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியபோது, புது வரியை யார் எப்படி வசூலிப்பது என்று தெளிவில்லாமல் நம் அஞ்சல் துறை அந்நாட்டுக்கான பார்சல்களையே நிறுத்திவைத்தது. அக்டோபர் 15 அன்று மறுபடி தொடங்கியது. அந்த வருடத் தீபாவளி 20ஆம் தேதி. பிள்ளைகளுக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்பக் காத்திருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஒரு தாய் அனுப்புகிற பலகாரத்துக்கும் ஒரு கம்பெனி அனுப்புகிற சரக்குக்கும் வித்தியாசம் தெரியாத விதி நல்ல விதி அல்ல என்பது என் எண்ணம். வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சுலபமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கே என் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல இத்தனை நேரம் ஆகிறது.

என்னுடையது பரிசுதான் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். என் பொட்டலம் போய்ச் சேராமல் தொலைந்திருந்தால் அவர் அனுப்பியதை நான் திருப்பிக் கேட்டிருப்பேனா, அவர்தான் கேட்டிருப்பாரா? விற்பனையில் அது வழக்கு. இதில் இரண்டு பேருமே மற்றவருக்காக வருத்தப்பட்டு இன்னொன்று தைக்கத் தொடங்கியிருப்போம். எதிர்பார்ப்பு இருக்கிறது, உரிமைக் கோரிக்கை இல்லை. அம்மாவும் வடகத்தை அப்படித்தான் உருட்டினார். அடுத்த பார்சலில் பங்கு வராமல் போயிருந்தாலும் வடகம் போயிருக்கும்.

அவருடைய பொட்டலம் வந்தபோது என் அக்கா கூட இருந்தார். உள்ளே இருந்தது உள்ளங்கை அகலமே உள்ள ஒரு சதுரத் துணி. நடுவில் நூல் உருவிப் பின்னிய சூரியன் போன்ற வட்டம். ஓரத்தில் அதைவிட நுணுக்கமான வலை. அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏன்டி, நீ இத்தாம்பெரிய மேசைவிரிப்பு அனுப்பின. அவ இத்தனூண்டு அனுப்பியிருக்கா. இது ஈடா?” என்றார். அக்காவின் கேள்வியில் தவறில்லை, எனக்காகத்தான் கேட்டார். துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். ஒவ்வொரு நூலாக எண்ணி, உருவி, கட்டி, பின்னிய வேலை. எங்கேயாவது ஒரு நூலை மாற்றி வெட்டியிருந்தால் முழுத் துணியும் வீண். திருப்பிப் பார்த்தேன். எது முன், எது பின் என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, “கண்ணு போயிடுமேடி அவளுக்கு” என்றார்.

கூடவே ஒரு கடிதம். தன் குடும்பத்தில் கோலம் போட யாருக்கும் தெரியாது, கோயிலில் பார்த்ததோடு சரி என்று எழுதியிருந்தார். என் துணியில் கோடு எங்கே தொடங்குகிறது என்று ஊசி முனையை வைத்துப் பின்தொடர்ந்து பார்த்தாராம். எங்கே தொடங்கினாலும் அங்கேயே வந்து நிற்கிறதாம். நான் எங்கே தொடங்கினேன் என்று கேட்டிருந்தார். ஒரு தாளில் புள்ளி வைத்து, கோடு வளர்வதைப் படிப்படியாக வரைந்து வைத்திருக்கிறேன். அவரிடம் நான் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அவருடைய தையலைக் கைத்தறித் துணியில் போட்டுப் பார்த்தேன். ஊடும் பாவும் ஒரே கனமாக இல்லாததால் சதுரம் கோணிக்கொள்கிறது. குறுக்கே எத்தனை நூல் உருவினால் நெடுக்கே எத்தனை உருவ வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.